வெந்நீர் அலமாரியில் முளைத்த தென்னை

கலசத்துக்குத் தேங்காய் வாங்க வேலுவிடம் வருகிறவர்கள் அவசரப்படக் கூடாது. கறிக்கு என்றால் கைக்கு வந்ததை எடுத்து, உடைத்து, துருவும் மெஷினில் வைத்துவிடுவார். கலசத்துக்கு என்றால் அப்படி இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்ப்பார். தண்ணீர் தளும்ப வேண்டும், கண்ணில் ஈரம் கசியக் கூடாது, குடுமி உறுதியாக நிற்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஓட்டில் ஒட்டிய நாரைக் கத்தியால் வழித்து, குடுமி மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்வார்.

"முளைக்கும், பாருங்க."

கலசத்தில் வைத்த தேங்காய் முளைத்தால் அந்த வீட்டுக்கு நல்லது, பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று நம் சனங்கள் சொல்வார்கள். வேலுவுக்கு அதை நம்பிக்கை என்றுகூடச் சொல்ல முடியாது. மழை பெய்தால் நனைவோம் என்பது போல, அது அவருக்குத் தெரிந்த ஒரு விஷயம், அவ்வளவுதான்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். முப்பது வருடத்துக்கும் மேலாகப் பினாங்கில், ஜார்ஜ் டவுன் சந்தையில் தேங்காய்க் கடை. காலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிறவர்களுக்குப் பால் பிழிந்து கொடுப்பார். மாலையில் கோயில் சாமான் வாங்க வருகிறவர்களுக்காகத் திறந்து வைத்திருப்பார். மனைவி ரமணிக்கு அக்கரையில், ஜுரு என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் வேலை. மகன்கள் இருவரும் கோலாலம்பூரில். கேட்காமலே கிடைத்த பிள்ளைகள். வேலு சாமியிடம் பிள்ளை வேண்டிக் கையேந்தியதெல்லாம் தங்கை ஜெயந்திக்காகத்தான்.

அம்மா போனபோது ஜெயந்தி சின்னப் பிள்ளை. வேலுதான் அவளுக்குச் சடை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினார். படித்தாள், என்ஜினியர் தியாகராஜனைக் கட்டினாள், அவர் வேலைக்காக ஸ்காட்லாந்தில் அபர்டீன் என்ற ஊருக்குப் போனாள். முப்பத்தொன்பது வயதாகியும் வேலுவுக்கு அவள் 'பாப்பா'தான். அந்தப் பாப்பாவுக்கு இரண்டு முறை வயிற்றில் தங்கி, தங்காமல் போய்விட்டது.

அதற்கப்புறம் ஒரு தைப்பூசத்துக்கு அவள் வந்திருந்தபோது, வேலு தன் கடையிலிருந்து ஒரு தேங்காயைத் தேர்ந்தெடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு எடுத்துப் போனார். படியேறி, சன்னதியில் வைத்து, ஐயர் அதை முழுசாகவே திருப்பிக் கொடுக்க, ஜெயந்தி முந்தானையை ஏந்தி மடியில் வாங்கிக்கொண்டாள். இறங்கும்போது அந்தக் காயைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள். வேலு பார்க்காதது போல முன்னால் நடந்தார்.

அபர்டீன் வீடு சின்னது. சாமி படம் வைக்க இடமில்லாமல், வெந்நீர்த் தொட்டி இருக்கிற அலமாரிக்குள் ஒரு பலகையை ஒதுக்கியிருந்தாள். துணி காயப்போடுகிற சூடான அலமாரி. அதில் செம்பு வைத்து, தேங்காயை வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைத்தாள். நாலைந்து மாதம் போனது. ஒரு நாள் மாலை வீடியோவில் கூப்பிட்டாள். போனை அலமாரிக்குள் நீட்டினாள். செம்பின் மேல், குடுமிக்குப் பக்கத்தில், கிளி மூக்கு போல ஒரு வெளுத்த முளை.

வேலு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பாப்பா... முருகன் குடுத்துட்டான்மா. இதுக்கு மேல என்ன வேணும்? இத நல்லா வச்சுக்கோ. இது வளர வளர உனக்கும் பிள்ள வரும்."

அந்த வார்த்தையை அவர் சொன்னார். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

பக்கத்துக் கடை ஹைருலிடம் இதைச் சொன்னபோது அவன் பாதித் தமிழிலும் பாதி மலாயிலுமாகச் சிரித்தான். "தேங்கா மரம் வீட்டுக்குள்ளயா? அண்ணே, அது என்ன பூனையா, சோபா மேல படுத்துக்க? நம்ம கம்போங்ல, கிராமத்துல, காய் தலைல விழாம இருந்தாலே போதும்!"

"அங்க வெளிய வச்சா செத்துரும்டா. ஐஸ் கொட்டுற ஊரு."

"கெசியான்," என்றான் ஹைருல். மரத்தைச் சொன்னானா, ஜெயந்தியைச் சொன்னானா, பாவம் என்றுதான் சொன்னான்.

அவன் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. பினாங்கில் தென்னையை யார் பார்த்து வளர்க்கிறார்கள்? சாக்கடை ஓரத்தில் காய் விழுந்து கிடந்தால் தானாக எழுந்து நிற்கும். வேலு வாழ்நாள் முழுக்கத் தேங்காயோடு புழங்கியவர். ஆனால் ஒரு தென்னம்பிள்ளையைச் சாகாமல் காப்பாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை. தேங்காய்க்காரருக்குத் தென்னை தெரியாதா என்று ஜெயந்தியும் நினைத்தாள், அவரும் நினைத்துவிட்டார்.

முதல் குளிர்காலத்தில் செடி தப்பியது. முழ உயரந்தான் இருந்தது. பூந்தொட்டியில் நட்டு அலமாரிக்குள்ளேயே வைத்தாள்; தியாகராஜன் ஒரு விளக்கை மாட்டிக் கொடுத்தார். பினாங்கில் மாலை வெயில் சாய்கிற நேரம் அங்கே அப்போதுதான் விடியும். தினமும் அந்த நேரத்தில் அண்ணனும் தங்கையும் பேசுவார்கள். முதலில் மரம், அப்புறந்தான் மற்றது. "இன்னொரு ஓலை விரிஞ்சிருக்கு அண்ணே." "எங்க காட்டு." கோடையில் ஜன்னலோரம் வைத்தாள். இடுப்பு வரை வந்துவிட்டது. அந்தக் கோடையில் டாக்டர்கள் பிள்ளைக்காகக் கடைசியாக ஒரு சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார்கள். தைப்பூசம் முடிந்து மாசியில் தேதி. அதற்கப்புறம் வயசு இடம் கொடுக்காது, வேறு முயற்சி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

"அதுவரைக்கும் மரம் நல்லா இருந்தாப் போதும் அண்ணே," என்றாள் ஜெயந்தி. "எனக்குப் பயமே இல்ல."

இரண்டாவது குளிர்காலத்தில் மரம் அலமாரிக்குள் நுழையவில்லை. ஜன்னலோரமே நின்றது. மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற ஊர். ஹீட்டர் காற்று ஒரு பக்கம், கண்ணாடியின் குளிர் மறுபக்கம். கார்த்திகை போவதற்குள் ஓலை நுனிகள் கருகத் தொடங்கின.

"அண்ணே, காயுது அண்ணே. என்ன செய்ய?"

"காஞ்சா தண்ணி ஊத்தணும்மா. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. அப்புறம் உப்பு. தென்னைக்கு உப்பு இல்லாம ஆகாது. கடலோரத்து மரம்ல? குழில ஒரு கை கல்லுப்பு போட்டுத்தான் நடுவாங்க. நீ போட்டியா?"

"போடலியே."

"அதான். இன்னைக்கே போடு."

தியாகராஜன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "மச்சான், நெட்டுல தண்ணியக் கொறைக்கச் சொல்றாங்க. குளிர்ல வேர் குடிக்காதாம்."

"மாப்ள, நெட்டுக்காரன் தேங்கா வித்திருக்கானா?" என்று வேலு கேட்டார். மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அந்த வருடம் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான் என்று பிறகு தியாகராஜன் சொன்னார்.

ஜெயந்தி அண்ணன் சொன்னபடி செய்தாள். இரண்டு வேளையும் தண்ணீர், வெள்ளிக்கிழமை தோறும் உப்பு. ஓலை இன்னும் கருகியது. "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார் வேலு. மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து குளித்து, கடை திறக்கும் முன் மலையேறி, மரத்துக்காக வேண்டிக்கொண்டார். முட்டி வலித்தது. ரமணி தைலம் தேய்த்துவிட்டுத் திட்டினாள். "உங்க தங்கச்சிக்கு வேண்டிக்கிறீங்களா, இல்ல ஒரு செடிக்கா?" "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

தை பிறந்தது. தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, கடை முன்னால் லாரியிலிருந்து தேங்காய் இறங்கிக்கொண்டிருந்தது. ரதத்துக்கு முன்னால் சாலையில் உடைக்க மலைமலையாகக் காய் வேண்டும். எண்ணி அடுக்க நேரமில்லாத நாள். போன் அடித்தது.

ஜெயந்தி போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். கையில் ஏதோ இருந்தது.

"குருத்து வந்துருச்சு அண்ணே."

"புதுக் குருத்தா?"

"இல்ல. லேசாத் தொட்டேன். கையோட வந்துருச்சு."

தூக்கிக் காட்டினாள். நடுக்குருத்து. அடிப்பக்கம் பழுப்பாகக் குழைந்திருந்தது. வேலுவுக்கு அந்த வாடை தெரியும். மூட்டைக்குள் அழுகிய காயின் வாடை. கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே அது அவர் மூக்கில் ஏறியது. குருத்து போன தென்னை பிழைக்காது. அது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

மறுநாள் தியாகராஜன் தனியாகக் கூப்பிட்டார். செடி விற்கிற ஒரு பெண்மணியை அழைத்து வந்து காட்டினாராம். மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததாம். வேரெல்லாம் கறுத்துக் கூழாகிவிட்டதாம். தியாகராஜன் குற்றம் சொல்லவில்லை. நல்ல மனிதர். "அது போகட்டும் மச்சான். ஆனா ஜெயா ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கிறா. சாமியே இல்லன்னு சொல்லிருச்சு, அப்புறம் எதுக்கு ஊசின்னு கேக்குறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

அன்று மாலை வேலு சொன்னார். "பாப்பா, மரத்தக் கொன்னது நான்மா. என் உப்பும் என் தண்ணியும். சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

ஜெயந்தி அழவில்லை. சின்ன வயதில் கணக்குப் போடும்போது இருப்பது போல முகம் இருந்தது.

"சரி அண்ணே. செத்தது உப்புனாலன்னா, முளைச்சது எதனால? அந்த அலமாரி சூட்டுனாலதான? அப்ப மட்டும் முருகன் குடுத்தான்னு சொன்னியே."

வேலு திரும்பிப் பார்த்தார். பின்னால் லாரிக்காரர் "அண்ணே, இத எங்க கொட்ட?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இரவெல்லாம் யோசித்தார். அவள் போக வேண்டுமென்றால் முளைத்ததும் சூட்டினால்தான் என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால், மடியில் வாங்கிய காய் வெறும் காய். படியேறியது வெறும் படியேறியது. கடையில் இத்தனை வருடமாக இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்ததெல்லாம் வெறும் சரக்கு.

விடிந்ததும் மலையேறினார். சன்னதியில் நின்று வேண்டிக்கொள்ளவில்லை, மன்னிப்புக் கேட்டார். 'இன்னைக்கு ஒரு வார்த்த சொல்லப் போறேன், முருகா. மனசார இல்ல. பிள்ளைக்காக.' திருநீறு பூசிக்கொண்டு இறங்கினார். நாள் முழுக்கக் காய் உரித்தார்.

மாலையில் அவரே கூப்பிட்டார். "பாப்பா, நீ கேட்டது சரிதான். முளைச்சதும் சூட்டுலதான். தேங்கான்னா அப்படித்தான், சூடும் ஈரமும் இருந்தா முளைக்கும். சாமி ஒண்ணும் சொல்லல. அப்பவும் சொல்லல, இப்பவும் சொல்லல. நீ போம்மா."

ஜெயந்தி அவர் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போய்ட்டு வந்தியா அண்ணே?"

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது.

"பொய் சொல்றதுக்கு முன்னாடி சாமிகிட்ட சொல்லிட்டு வந்திருக்க." அவள் குரலில் கோபமில்லை, அவள்தான் அவருக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது. "விடு அண்ணே. நீ நம்புறதுதான் நானும் நம்புறேன். வேற யாரு எனக்குச் சொல்லிக் குடுத்தா?"

தைப்பூசம் வந்தது. ரதம் வந்தது. சாலையில் காய்கள் சிதறி, தண்ணீர் கணுக்கால் வரை தெறித்தது. வேலுவும் வருடா வருடம் தங்கை பெயரில் உடைக்கிற ஒரு காயை ஓங்கினார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமலே உடைத்தார்.

மாசியில் அந்தத் தேதி வந்து போனது. அன்று மாலையும் வழக்கம் போல ஜெயந்தி கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் வெறுமையாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டாள். அவர் கேட்கவில்லை.

"தொட்டியக் கழுவி வச்சுட்டேன் அண்ணே. மண்ண வெளிய கொட்டினேன். பனி மேல கறுப்பா கெடக்கு."

"ம்."

"இங்க இப்பல்லாம் கொஞ்சம் சீக்கிரம் விடியுது."

"குளிருதாம்மா?"

"குளிருது அண்ணே."

போனை வைத்தபோது கடை முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் இன்னும் போகவில்லை. "அண்ணே, கலசத்துக்கு ஒரு காய். நல்லதாப் பாத்துக் குடுங்க."

வேலு ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டினார். மூன்றாவது நன்றாகத் தளும்பியது. கண்ணைப் பார்த்தார், குடுமியை அசைத்துப் பார்த்தார், நாரை வழித்தார். குடுமி மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் கொடுத்தார்.

அந்தப் பெண் வாங்கிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். இந்தக் கடையில் ஏதோ சொல்வார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

"பத்திரமா எடுத்துட்டுப் போம்மா," என்றார் வேலு. உரிக்க வேண்டிய காய்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்.