மடியில் ஒரு பலாக்கட்டை

கம்பம்மெட்டு இறக்கத்தில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் சுவக்கீன் காரை ஓரங்கட்டுகிறார். பக்கத்து இருக்கையில் அவர் மனைவி சந்தனமேரி, மடியில் வைத்திருக்கும் பலாக்கட்டையை எடுத்து நீட்டுகிறார். சுவக்கீன் இறங்கிப்போய் அதை முன்சக்கரத்தடியில் செருகிவிட்டு வந்து, பிரேக்கை மிதித்துப் பார்க்கிறார். பெடல் விறைப்பாக நின்றால் கட்டை மறுபடி மேரியின் மடிக்கு வரும். கால் அடிவரை இறங்கிவிட்டால் பிரேக் ஆறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பின்னால் வரும் ஜீப்காரர்கள் ஹாரனிலேயே ஏசுகிறார்கள்.

"ஏசட்டும் தம்பி. அவனுக வண்டியில பிரேக் இருக்கு, ஏசுறானுக" என்பார் சுவக்கீன் என்னிடம்.

நான் மலைமேல் வண்டன்மேட்டில் அவருக்கு அடுத்த வீடு. கம்பத்தில் சோலி இருந்தால் பின்சீட்டில் ஏறிக்கொள்வேன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. மேரி அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு தடவை கீழே தேனியில் டயாலிசிஸ். பஸ்ஸில் திரும்பும்போது ஒருநாள் படிக்கட்டிலேயே சரிந்துவிட்டார். அதற்கப்புறம்தான் கடன் போட்டு இந்தக் கார். அதுவும் புத்தம்புதுசு. "பழச வாங்கி அவளோட மலையில நிக்கக்கூடாதுன்னு நெனச்சேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்பார்.

வாங்கிய மூன்றாம் மாதமே இறக்கத்தில் பிரேக் கைவிட்டது. கோட்டயத்துச் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனார். மெக்கானிக் ஜின்சன் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "இந்த மாடல் எல்லாத்துக்கும் இதுதான் சேட்டா. கம்பெனிக்கும் தெரியும். வெளிநாட்டுல சும்மாவே மாத்திக் குடுக்குறாங்க" என்றான். நல்ல மனுஷன், மெதுவாகத்தான் சொன்னான். அப்புறம் மேனேஜர் வந்தார். காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார்.

"ஏலக்கா மணக்குதே. லோடு ஏத்துவீங்களோ?"

வண்டன்மேட்டில் பாதிரியார் கார்கூட ஏலக்காய்தான் மணக்கும். சுவக்கீனுக்கு அந்தக் கேள்வியில் ஒரு பெருமை. "பின்ன, ஏத்தாமயா? பச்சக்கா மூட்டய இதுலதான் சார் காய வைக்கிற ஸ்டோருக்குக் கொண்டு போறேன்" என்றார். அவ்வளவுதான். அதிகபாரம் ஏற்றியதால் வந்த பழுது, வாரண்டி செல்லாது என்று முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ரிப்பேர் எல்லாம் சொந்தச் செலவு. மாற்றிய பாகம் அடுத்த மழைக்குள் அதே மாதிரி போகிறது. ஒரு தடவைக்கு ஆடுகள் போயின. இன்னொரு தடவைக்கு மேரி அக்காவின் கழுத்துச் சங்கிலி. தெரிந்தே ஓட்டை வண்டியை விற்றவன் ஏசியில் உட்கார்ந்திருக்கிறான். சுவக்கீனோ காரைத் திட்டுவதே இல்லை, தன் வாயைத்தான் திட்டிக்கொள்கிறார். "ரெண்டு மூட்ட ஏலக்காய ஒளிக்கத் தெரியல, நாக்குல சனி" என்று தன் வாயிலேயே தட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு காரை வாங்க ஆள் வந்தது. கம்பத்து பூபதிராஜா, கூடவே மனைவி கிருத்திகா. நல்ல விலை, கடனை அடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஜீப்பை வாடகைக்குப் பேசிக்கொள்ளலாம். வண்டி வாசலில், சமதரைதான் என்றாலும், கட்டையில் முட்டி நின்றது. மேரி அக்கா காலையிலேயே புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், என் காதுபடவே: "இந்தத் தடவயாச்சும் வாயத் தெறக்காத. எனக்கு மேலு முடியல."

பூபதிராஜா பானட்டைத் திறந்து பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். கிருத்திகா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, "ஏலக்கா வாசம் நல்லாயிருக்குங்க" என்று சிரித்தாள்.

"அண்ணே, வண்டியில கம்ப்ளெய்ன்ட் ஏதும் இல்லையே?"

சுவக்கீன் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

மேரி அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையோடு குனிந்து, சக்கரத்தடியிலிருந்த கட்டையை உருவினார். காரைச் சுற்றிப்போய் முன்கதவைத் திறந்து, அதைக் கிருத்திகாவின் மடியில் வைத்தார்.