கேசட்டின் முதல் பாட்டில் இருக்கும் மூச்சு

இதை எழுத உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து எத்தனையோ வருஷம் போய்விட்டது. பேனாவை எடுக்கும்போதெல்லாம் ஒரு வேலை வந்து நிற்கும். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச முறை வரும், பேத்திக்குக் காய்ச்சல் வரும். உண்மையில் அந்த வேலைகளை நான்தான் தேடிப் போனேன். எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை வந்துவிடக் கூடாதென்று மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கோயில் பேண்டு செட்டில் நாங்கள் ஆறு பேர். இரண்டு ட்ரம்பெட், ஒரு கிளாரினெட், பெரிய டிரம், சின்ன டிரம், தாளம். முதல் ட்ரம்பெட் என் அண்ணன். இரண்டாவது ட்ரம்பெட் நான். திருவிழாவில் மாதா சிலை வரும் சப்பரம் கோயில் வாசலைத் தாண்டும்போது ஒரு பாட்டு உண்டு. ஆரம்பத்தில் டிரம் கிடையாது, தாளம் கிடையாது. முதல் ட்ரம்பெட் மட்டும் தனியாக மேலே ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் நிற்கும். அது நின்ற பிறகுதான் மற்றவர்கள் சேருவோம்.

அந்த இடம் அண்ணனுக்கு வெறும் வாசிப்பு அல்ல. எங்கள் அம்மாவுக்கு மூன்று பிள்ளை தக்கவில்லை. நாலாவது வயிற்றில் இருக்கும்போது, "இந்தப் பிள்ளை பிழைச்சா, அது மூச்சு உள்ள மட்டும் வருஷா வருஷம் உன் சப்பரத்து முன்னால போகும் தாயே" என்று நேர்ந்துகொண்டார்கள். பிழைத்தவர்தான் அண்ணன். நேர்ந்தது அம்மா, தன் மூச்சால் ட்ரம்பெட் ஊதிச் செலுத்த வேண்டியது அண்ணன். எங்கள் ஊரில் அதை அப்படித்தான் பார்ப்பார்கள். அதனால் திருவிழாவுக்கு முந்தின நாள் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு ஒரு பொழுது இருந்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் ட்ரம்பெட்டைத் தொடுவார். கள், சாராயம் என்று எதையும் வாழ்நாளில் அவர் வாயில் வைத்தது இல்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளில் இருந்த பங்குச் சாமியார் பெரிய ஸ்பூல் டேப் ஒன்று வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எங்களை உட்காரவைத்து ஆறு பாட்டுப் பதிவு செய்தார். பத்துப் பதினைந்து வருஷத்தில் மழை ஒழுகி அந்த டேப் பூஞ்சை பிடித்து ஒட்டிப்போனது. எண்பதுகளில் கேசட்டு வந்தபோது புதிதாக வந்திருந்த சாமியார் எங்களைக் கூப்பிட்டார். "அதே ஆறு பாட்டு, அதே ஆறு பேரு. தேனியில போயி மறுபடி பதிஞ்சுட்டு வாங்க. திருவிழாவுக்குக் கோபுரத்து மைக்செட்டுல போடுவோம்."

அதே ஆறு பேர்தான். ஆனால் அண்ணனுக்கு அதே வாய் இல்லை. முந்தின வருஷம் திருவிழா முடிந்த பிறகு, குமுளி மலைப்பாதையில் ஜீப் சாய்ந்து, முன்னால் இருந்த கம்பியில் முகம் மோதி மேல்வரிசையில் நாலு பல் போய்விட்டது. பல்செட்டு கட்டியிருந்தார். சாப்பிட, பேசத் தோது. ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு உதட்டுக்குப் பின்னால் பல் உறுதியாக நிற்க வேண்டும். பல்செட்டு நிற்காது, நகரும். மதினி சொன்னாக, "ரெண்டு மாசமா தோட்டத்துல போயி ஊதிப் பழகுறாக. வர்றப்ப கர்ச்சீப்புல ரத்தம்." அண்ணனிடம் கேட்டால், "எல்லாம் வந்துரும்லே" என்பார்.

தேனி பஜாரில் ஒரு மாடி அறை. ஜன்னலுக்கெல்லாம் சாக்குக் கட்டியிருந்தது. சத்தம் பதியும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள். ஒரே ஒரு மைக். அதற்கு முன்னால் அண்ணன், அவருக்குப் பின்னால் வலது பக்கம் நான், எனக்குப் பின்னால் மற்றவர்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரிக்கார்டிங்காரர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு குனிந்து மீட்டர் முள்ளையே பார்த்தபடி இருந்தார். முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நாலு மணிக்குக் கரண்டு போயிரும். தப்பு விட்டா முதல்ல இருந்து வாசிக்கணும், ஒட்டுப்போட முடியாது. பாத்துக்கங்க."

மற்ற ஐந்து பாட்டையும் முதலில் முடித்தோம். அவற்றில் முதல் ட்ரம்பெட் தனியாக வராது. கிளாரினெட் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கடைசியாகச் சப்பரப் பாட்டு. மணி மூன்றரை.

அண்ணன் ஊதினார். நாலாவது சுரத்தில் பல்செட்டு நகர்ந்து புஸ்ஸென்று காற்றுப் போனது.

"பரவால்லண்ணே, இன்னொருக்க" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

இரண்டாவது தடவையும் அதே இடம், அதே புஸ். கிளாரினெட்காரர் எப்போதும் விளையாட்டுப் பேச்சுக்காரர். "அண்ணே, அந்தப் பல்லக் கழட்டி எங்கிட்டக் குடுங்க. நான் கிளாரினெட்டுல சொருகிக்கிட்டு ரெண்டையும் சேத்து ஊதிர்றேன்."

"ஏலே, வாயப் பொத்திக்கிட்டுக் கெட" என்றார் பெரிய டிரம்காரர். எங்களில் மூத்தவர் அவர்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கர்ச்சீப்பை வாயில் ஒற்றி, பார்க்காமலே மடித்துப் பையில் வைத்தார்.

"மணி நாலாகப் போகுது. இதுதான் கடைசி" என்று குரல் வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணன் ட்ரம்பெட்டை வாயில் வைத்தார். ஊதவில்லை. டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று நொடி.

நான் ஊதிவிட்டேன்.

அவர் கேட்கவில்லை, சாடை காட்டவில்லை. நானாக ஊதினேன். அண்ணன் மேல் பாசத்தில் ஊதினேன் என்று சொன்னால் அது பாதிதான். பதினைந்து வருஷத்துக்கு மேலாக இரண்டாவதாக நின்று அந்த ஏற்றத்தைக் காதால் படித்தவன் நான். தோட்டத்தில் யாருமில்லாதபோது ஊதியும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் எனக்கும் அது கிடைக்காதா என்ற ஆசை உள்ளே கிடந்தது. அந்த மீதிப் பாதியைத்தான் இத்தனை வருஷமாக எழுத முடியவில்லை.

பாட்டு முடிகிற வரை அண்ணன் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. கன்னம் உப்பவில்லை. விளக்கு அணைந்ததும் ரிக்கார்டிங்காரர், "அருமை! ஆரம்பம் மட்டும் கொஞ்சம் தள்ளிக் கேக்குது, ஆனா சுத்தமா இருக்கு" என்றார். பெரிய டிரம்காரர் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "இங்கன நடந்தது இங்கனயே கெடக்கட்டும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

திரும்பும்போது பஸ் சின்னமனூரைத் தாண்டியது. அண்ணன், "நல்லா ஊதுனலே" என்றார். அவ்வளவுதான்.

திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்னால் கொடியேற்றம். அன்றிலிருந்து காலையும் மாலையும் கோபுரத்தில் அந்தக் கேசட்டுத்தான். பிரதி எடுக்கும்போது சப்பரப் பாட்டையே முதல் பாட்டாகப் போட்டிருந்தார்கள். டீக்கடையில் அண்ணனைப் பிடித்து, "பல்லுப் போயும் என்னா ஊது ஊதியிருக்காக பாரு" என்று கை கொடுத்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுவார்.

சப்பரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கு நான்தான் ஊதுவேன். நீ கை வைக்கக் கூடாது."

"அண்ணே, பல்செட்டு நிக்காதே."

"கழட்டிருவேன். வெறும் உதட்டுல வர்றது வரட்டும்."

"கேசட்டக் கேட்ட சனம் என்ன சொல்லும்?"

"கேசட்டு சனத்துக்கு. இது மாதாவுக்கு. அம்மா நேந்தது உன் மூச்சு இல்லலே."

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் சப்பரம் கிளம்பியது. அண்ணன் பல்செட்டைக் கழற்றிக் கர்ச்சீப்பில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஊதினார். வந்தது சுரமல்ல. காற்று, எச்சில், நடுவில் உடைந்த ஒரு சத்தம். ஏற வேண்டிய இடத்தில் சறுக்கியது. விடாமல் மறுபடி ஏறினார். தடுமாறி ஓரடி பின்னால் வந்தார். என் ட்ரம்பெட் கையில்தான் இருந்தது. நான் கை வைக்கவில்லை. அவர் சொன்னதற்குக் கட்டுப்பட்டேன்.

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. "ஒம்பது நாளா அம்புட்டு நல்லாக் கேட்டமே, இன்னைக்கு என்ன கேடு?" என்றது ஒரு குரல். இன்னொரு குரல், "என்ன கேடா? உள்ள போயிருக்கு! வாய் கோணுது, கால் நிக்கல, பாக்கத் தெரியல? மாதா முன்னாலயே குடிச்சிட்டு வந்துட்டான்யா!"

அந்தக் கேசட்டு இல்லாவிட்டால், பல் போன மனுஷன் பாவம் என்று விட்டிருப்பார்கள். ஊதத் தெரிந்தவன் ஊதவில்லை என்றானதால்தான் குடி என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சுக்கு என் வாசிப்புத்தான் சாட்சி. அப்போதே, அதே இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். மற்ற நால்வரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கூடப் பிறந்தவன் நான் இருக்கும்போது அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? நான் டிரம் அடியைக் கவனிப்பவன் போலக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம் கோயில் கமிட்டி அண்ணனைச் செட்டிலிருந்து எடுத்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என் பெயர் கெடும் என்று நினைத்திருப்பார். சப்பரம் எங்கள் தெருவுக்கு வரும்போது தன் வீட்டு வாசலில் நின்று ஊதினார், அதே உடைந்த சத்தம். சாகிற வரை ஒரு வருஷமும் விடவில்லை. நான் சப்பரத்துக்கு முன்னால் முதல் ட்ரம்பெட்டாக அவரைக் கடந்து போவேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்ட சாமியார், "ஆண்டவர் மன்னிச்சிட்டார். உங்க அண்ணன் பேரு இன்னும் திரும்பி வரலையே" என்றார். அதற்குப் பிறகும் வாய் வரவில்லை. அண்ணன் அடக்கத்தன்று மரியாதைக்கு என்று கோபுரத்தில் அந்தக் கேசட்டைப் போட்டார்கள். பெட்டிக்குள் அவர் கிடக்க, மேலே என் மூச்சு ஏறி ஏறிப் போனது. மதினி என்னைப் பார்த்தாக. அவுகளுக்குத் தெரியும்.

அன்று அந்த அறையில் இருந்தவர்களில் இன்று நானும் தாளக்காரரும்தான் மிச்சம். அவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அப்படியேதான் நடந்துச்சு" என்றார்.

அந்தக் கேசட்டை இன்னும் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குப் பதிந்து கொடுக்கிறீர்கள். கொடுக்கும்போது இந்தக் காகிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். என்னை நல்லவனாக்க ஒரு வரி கூட்ட வேண்டாம், அண்ணனுக்காக இரங்கி ஒரு வரி குறைக்க வேண்டாம். முதல் பாட்டில் தனியாக ஏறுவது என் மூச்சு. சப்பரத்துக்கு முன்னால் சறுக்கியது அண்ணன் மூச்சு. அன்று அவர் குடித்திருக்கவில்லை. முந்தின நாள் முழுக்க ஒரு பொழுது இருந்தவர் அவர்.