மச்சானுக்குப் பிடித்துக் கொடுக்காத கிண்ணம்

என் அக்கா வீட்டுக்காரரைப் பட்டறையில் எல்லோரும் ‘ஒத்தக்கை’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் வரக் காரணம் நான்.

தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் இரண்டு பொத்தான் இருக்கும். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே போய்விடாமலிருக்க அந்த ஏற்பாடு. வேலை வேகமாக ஓடட்டும் என்று நான் ஒரு பொத்தானில் ஆப்பு செருகி வைப்பேன். ஒருநாள் ஷிஃப்ட் மாறும்போது எடுக்க மறந்துவிட்டேன். அடுத்து வந்து நின்றவர் மச்சான். இடது கை மணிக்கட்டோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

“மன்னிச்சாச்சு மாப்ளே, விடு. மூக்கைச் சிந்து முதல்ல” என்றார்.

என்னால் விட முடியவில்லை. சனிக்கிழமைதோறும் சர்ச் தரையை மண்டியிட்டுத் தேய்த்தேன். வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தேன். அப்பமும் திராட்சரசக் கிண்ணமும் வாங்கும் திருவிருந்துக்கு மட்டும் போகவில்லை. பதினோரு வருஷம்.

மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பார்.

“தரைதான்டா தேயுது.”

“என் பாவத்துக்கு நான்தானே மச்சான் ஏதாவது செய்யணும்?”

“அதுக்கு ஒருத்தர் ரத்தம் சிந்தியாச்சு. சிலுவையில வேலையை முடிச்சிட்டுத்தான் கண்ணை மூடினாரு. அதுக்கு மேல நீ எதுக்கு ஓவர்டைம் பாக்கற? அவர் செஞ்சது பத்தலைங்கறியா?”

“திருவிருந்துக்குப் போக எனக்கு இன்னும் தகுதி வரலை மச்சான்.”

“எனக்கும்தான் வரலை. நான் போகலையா?”

போன வருஷம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி உடம்பு இளைத்தது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“இந்த ஞாயிறு என்கூட வந்து பக்கத்துல இரு மாப்ளே. கையில அப்பம் இருக்கும்போதே கிண்ணத்தை நீட்டறாங்க. ஒத்தக் கையால சமாளிக்க முடியலை. இத்தனை வருஷமா யார் யாரோ பிடிச்சுக்கறாங்க.”

“அடுத்த மாசம் வரேன் மச்சான்” என்றேன்.

அந்த ஞாயிறு அவர் தனியாகத்தான் போனார். புதன்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த மாதம் போனேன். போதகர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கையில் அப்பம் வைத்தார், மறு கையில் கிண்ணம் கொடுத்தார். நான் தேய்த்த தரையை யாரும் குனிந்து பார்க்கவில்லை. எனக்காகச் செய்ய வேண்டியதைச் சிலுவையில் தொங்கியவர் எப்போதோ செய்து முடித்துவிட்டார். மச்சானுக்காக நான் செய்ய வேண்டியிருந்தது அந்தக் கிண்ணத்தைப் பிடிப்பது ஒன்றுதான்.

வலது பக்கம் மச்சானுக்கு ஓர் ஆள் இடம் விட்டு மண்டியிட்டிருந்தேன்.