பசுமலை இறக்கத்தில் பறிபோன வேலை

எட்டு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. அப்பாவின் பேச்சைச் சித்தப்பாவிடமும், சித்தப்பாவின் பேச்சை அப்பாவிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பாகப்பிரிவினையில் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், கிணற்றுக்கு முறை வைத்துக்கொண்டார்கள். தாத்தா ஆசையாக வாங்கிவைத்துவிட்டுப் போன காரை மட்டும் எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். அன்று முதல் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. எதுவானாலும் என் வழியாகத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வாய்தா நாளில் தல்லாகுளம் கோர்ட்டுக்குப் போனதும் அதே காரில்தான். ஓட்டத் தெரிந்தவர் சித்தப்பா ஒருவரே. அவரை நம்பிக் காரைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. ஆகவே இருவரும் ஏறிக்கொண்டார்கள், நடுவில் பட்டுப்பாவாடையோடு நான்.

பசுமலை தாண்டியதும் இறக்கம். கார் குஷியாக இறங்கியது. கீழே ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் பருத்திப் பொதி ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாக நின்றன. சித்தப்பா பிரேக்கை மிதித்தார். மறுபடி மிதித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பிரேக் பிடிக்கலைன்னு ஒங்கப்பாகிட்டச் சொல்லு.”

நான் முறைப்படி அப்பா பக்கம் திரும்பினேன். “பிரேக் பிடிக்கலையாம்.”

“நல்லா மிதிக்கச் சொல்லு.”

“நல்லா மிதிக்கணுமாம்.”

“அதெல்லாம் மிதிச்சாச்சுன்னு சொல்லு!”

நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா கியரை இறக்கினார். கார் அலறியது. என் முழங்காலில் கியர் தண்டு இடித்தது, வலிக்கவே இல்லை. காற்று முகத்தில் அறைந்தது. அப்பா குறுக்கே சாய்ந்து, ஹாரனின் ரப்பர் குமிழை விடாமல் பிதுக்கினார். வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்துக் கத்தினார்கள்.

“அண்ணே! கை பிரேக்க இழுண்ணே! வெடுக்குன்னு இழுக்காத, கொஞ்சங் கொஞ்சமா!”

“அப்பா, கை பிரேக்கை...” என்று ஆரம்பித்தேன். யார் கேட்டார்கள்? அப்பா இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். தீய்ந்த வாடை வந்தது. வேகம் குறைந்தது, ஆனால் கார் நிற்பதாக இல்லை. கடைசி வண்டியின் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது.

“தம்பி, இடதுகைப் பக்கம் களம் இருக்குடா! வைக்கோலுக்குள்ள விடு!”

“பிள்ளையப் பிடிண்ணே!”

அப்பாவின் கை என்னை வளைத்துக்கொண்டது. கார் ரோட்டைவிட்டுத் துள்ளிக் களத்தில் இறங்கியது. வைக்கோல்போருக்குள் மூக்கு வரை நுழைந்தது. உலகமே மஞ்சளாகிப் போயிற்று. அந்தப் பக்கம் ரயில் தடதடவென்று ஓடி மறைந்தது.

“இன்னொரு தரம்!” என்று நான் குதித்தேன்.

சித்தப்பாவின் கைகள் இன்னும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்திருந்தன. அப்பா அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். “ஒனக்கு ஒண்ணும் இல்லையேடா?”

“சித்தப்பா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையான்னு அப்பா கேக்குறாக” என்றேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியின் மீசையிலிருந்து அண்ணன் வைக்கோல் பொறுக்கினார். தம்பி சிரித்தார், இல்லை, அழுதார். இரண்டும் கலந்து ஏதோ செய்தார்.

வாய்தாவை இருவரும் மறந்தே போனார்கள். ஒரு வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திருப்பினார். வழி நெடுக, யார் முதலில் கண்ணை மூடிக்கொண்டது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். நேருக்கு நேராக! எனக்கு ஒரு வார்த்தை மிச்சம் வைக்கவில்லை. அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு.

வீட்டுக்குள் ஓடி அம்மாவிடம் அழுதேன். “இனிமே அவுகளே பேசிக்கிறாகம்மா. நான் வேணாமாம்.”

அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அவர்களுக்குப் பேச்சு முடியவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

என் வேலை போனதற்கு அவள் இவ்வளவு வருந்துவாள் என்று நான் நினைக்கவில்லை. “அழாதம்மா, எனக்கு வேற வேலை கிடைக்கும்” என்று அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.