பூக்காதபோதும் கண்டுபிடிப்பவள்

மேற்கு டெக்சஸ் பாலைவனத்தில் முள்ளே இல்லாத ஒரு கள்ளி இருக்கிறது. சுண்ணாம்புக் கற்களுக்கு நடுவில், கல்லின் நிறத்திலேயே, தரையோடு தரையாகப் பதிந்து கிடக்கும். மிதித்துக்கொண்டு போனாலும் தெரியாது. இங்கே அதை ‘உயிருள்ள பாறை’ என்கிறார்கள். இலையுதிர் காலத்தில் சில நாட்கள் மட்டும் அதன் நடுவில் பஞ்சுபோல் இருக்கும் பகுதியிலிருந்து இளஞ்சிவப்பில் ஒரு பூ விரியும். அப்போது யாரும் கண்டுபிடித்துவிடலாம். பூக்காதபோதும் கண்டுபிடிக்கும் ஒருத்தியோடு நான் வேலை செய்தேன்.

அவளும் நானும் ஒரே பேராசிரியரிடம் தாவரவியல் படித்தோம். அவள் கலிஃபோர்னியாவின் குபெர்டினோவில் பிறந்த தமிழ்ப் பெண், அப்பா அம்மா இருவருக்கும் கணினி வேலை. நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொள்வேன். கள்ளிகளைக் கணக்கெடுக்க எங்கள் இருவரையும் அனுப்பிய பேராசிரியர், அடுத்த ஆண்டு குழுவை நடத்தப்போவது யார் என்பதை எங்கள் கணக்கெடுப்புத் தாள்களைப் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். எனக்கு அந்த இடம் வேண்டும். அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்பது அதைவிட முக்கியமாக இருந்தது.

ஆளுக்கு ஒரு கயிறு கட்டி, அதன் இருபுறமும் தேடி, கண்ட செடி ஒவ்வொன்றின் அருகிலும் சின்னக் கொடி குத்த வேண்டும். மறுநாள் கயிறு மாறி, மற்றவர் தவறவிட்டதைத் தாளில் எழுத வேண்டும்.

எனக்குப் பூத்தவை மட்டும் அகப்பட்டன. அவளோ சரளையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையருகே வைத்துப் பார்த்தாள்.

“அக்கா, படுத்துப் பாருங்க. ஈஸியா தெரியும்.”

முதுகுவலி என்று பொய் சொன்னேன். நான் மண்ணில் புரளக் கூடாது என்றுதான் என் அம்மா வெயிலில் குனிந்து களை பறித்தாள். இவளோ கடற்கரையில் படுப்பதைப் போல அந்த மண்ணில் படுத்திருந்தாள்.

மறுநாள் அவள் கயிற்றோரம் மூன்று மணி நேரம் தேடினேன். ஒரே ஒரு செடியையாவது அவள் விட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். ஒன்றும் இல்லை. என் கயிற்றை முடித்துவிட்டு வந்தவள் அருகில் குந்தினாள்.

“அக்கா, உங்க லைன்ல இன்னும் ஆறு இருக்கு. எதுவுமே பூக்கல. நான் எழுதல. நீங்களே ஃப்ளாக் போட்டுடுங்க, ஓகேவா?”

அவள் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். சிப்ஸ் பொட்டலத்தை நீட்டுவதுபோல குழுவை நடத்தும் அந்த இடத்தை என் பக்கம் நீட்டினாள். அதை இழந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அவளுடைய கூர்மையான கண்ணுக்காகப் பொறாமைப்படுவதாக அதுவரை நினைத்திருந்தேன். விட்டுக்கொடுக்க முடிகிறதே, அதுதான் என்னை எரித்தது.

“எழுது. ஆறையும் எழுது.”

“சீரியஸாவா? ப்ரொஃபசர் பாப்பாரே.”

“பாக்கட்டும். நீ குடுத்து எனக்கு வர வேண்டாம்.”

அவள் முகம் சுண்டிப்போயிற்று. ஆறையும் எழுதினாள். நான் தாளை வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். திரும்பும் வழியெல்லாம் அவள் கார் ஓட்ட, நான் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. வாழ்த்துச் செய்தியை மூன்று முறை அடித்து அழித்து, நான்காவது முறை அனுப்பினேன். அடுத்த ஆண்டு அவள் குழுவிலேயே போனேன். அவள் முன்போலவே அக்கா என்று கூப்பிட்டாள். நானும் மண்ணில் படுத்துத் தேடப் பழகிக்கொண்டேன். அவளைவிட ஒரு செடி கூடுதலாகக் கண்ட நாட்களில் மட்டும் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.