தேங்காய் மூட்டைக்கு எத்தனை காற்று?

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. உள்ளே இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை, ஒரு மூட்டை தேங்காய். டயரில் எத்தனை காற்று இருக்க வேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யோசிக்கிறேன். பதில் வரவில்லை.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் என் கணவர் வாங்கியது. மலை ஏறுமாம், மணலில் போகுமாம், ஆற்றைக் கடக்குமாம். திருப்பூரில் அது இதுவரை கடந்தது காதர்பேட்டை டிராஃபிக் மட்டும்தான். நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற குமிழை ஒருநாளும் யாரும் திருப்பியதில்லை. எங்கள் மகள் இனியா மட்டும் அடிக்கடி திருப்பப் பார்ப்பாள்.

என் கணவர் குழந்தைகளுக்கான பனியன் தைக்கும் யூனிட் வைத்திருக்கிறார். பனியன் துணி துவைத்தால் சுருங்கும் இல்லையா? அதனால் வெட்டும்போதே சுருக்கத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டுவார்கள். துவைத்த பிறகு சரியான அளவுக்கு வந்துவிடும். நல்ல பழக்கம்தான் — துணிக்கு.

இவர் அதை டயருக்கும் செய்கிறார்.

டிரைவர் கதவைத் திறந்தால், டயரில் எத்தனை காற்று என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. சும்மா போனால் 33, முழு பாரம் ஏற்றினால் 36. வண்டி வந்த அன்றே அதை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டவள் நான். இவரோ காற்று பிடிக்கும் இடத்தில் கண்ணாடியை இறக்கி, "நாப்பத்திரெண்டு வைங்க. எப்படியும் சுருங்கும்" என்பார்.

"ஏனுங்க, ஸ்டிக்கர்ல அப்படிப் போடலீங்களே?"

"அது கம்பெனிக்காரன் சொல்றது. ஆர்டர் குடுக்கற பயர் சொல்றதுக்கெல்லாம் அப்படியேவா தைக்கிறோம்?"

பல்லடம் ரோட்டில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பின் சீட்டில் இனியாவின் தலை துள்ளும். என் நெஞ்சும்தான். இன்டர்நெட்டில் தேடினேன். பாலைவனத்தில் வண்டி ஓட்டிய ஒருவர், பதினெட்டு போதும் என்று எழுதியிருந்தார். அவருக்குக் குழந்தை இருக்கிறதா என்று எழுதவில்லை.

ஞாயிறன்று உடுமலைப்பேட்டைப் பக்கம் என் அண்ணன் தோப்பில் அவன் மகளுக்குக் காதுகுத்து. தோப்பு வாசலில் எல்லோரும் காரை நிறுத்தி நடந்தார்கள். இவர் நடப்பாரா? இதற்காகத்தானே வண்டி! புதிதாக உழுதிருந்த மண்ணில் இறக்கினார். சக்கரம் புதைந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் குமிழைத் திருப்பினார். நான்கு சக்கரமும் ஒற்றுமையாகச் சுழன்றன... வண்டிதான் நகரவில்லை.

அண்ணன் வந்து டயரைத் தட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க மாப்ள, உள்ள காத்து வெச்சிருக்கீங்களா, கல்லு வெச்சிருக்கீங்களா?"

பந்தலில் சிரிப்பு. அண்ணன் டயர் வால்வில் ஒரு குச்சியை வைத்து அழுத்தினான். நான்கு டயரிலும் புஸ்ஸென்று காற்றை இறக்கினான். வண்டி சமர்த்தாக வெளியே வந்தது. இவர் முகத்திலும் கொஞ்சம் காற்று இறங்கியிருந்தது.

இனிமேல்தான் என் பிரச்சினை. காற்று குறைந்த டயரோடு மெயின் ரோட்டில் வேகமாகப் போகக் கூடாது, டயர் சூடாகி வெடிக்கலாம் என்று படித்திருக்கிறேன். "அண்ணா, யார்கிட்டயாச்சும் பம்ப் வாங்கிட்டு வாயேன்" என்றேன்.

அம்மா விடவில்லை. "நாலரைக்கு ராகு காலம். பம்ப்பு வர்ற வரைக்கும் உக்காந்திருந்து, கொழந்தைய வெச்சுட்டு ராகு காலத்துலயா கெளம்புவே? கெளம்பு கண்ணு!"

நான் இன்ஜினியரிங் படித்தவள். ராகு காலத்துக்கும் டயருக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை என்று வந்துவிட்டால்... ஒருவேளை இருந்துவிட்டால்? டயர் பயமும் ராகு பயமும் மல்லுக்கு நின்றன. ராகு ஜெயித்தது. நாலரைக்குள் கிளம்பிவிட்டோம். கிளம்பும்போது அண்ணன் பின்னால் ஒரு மூட்டை தேங்காயையும் தூக்கிப் போட்டான்.

"மெதுவாப் போங்க. ஐயோ, இன்னும் மெதுவா!"

"இதுக்கு மேல மெதுவாப் போனா எறங்கித் தள்ளோணும்."

பின்னால் பஸ்காரர்கள் ஹாரனிலேயே எங்களைத் திட்டினார்கள். அத்தனை சத்தத்திலும் இனியா தூங்கினாள். நான் பின் டயர் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன் — பார்த்தால் வெடிக்காது என்பதுபோல.

முதல் பெட்ரோல் பங்க்கில் 'காற்று இலவசம்' என்று போர்டு இருந்தது. மிஷின் ரிப்பேர். அடுத்த பங்க்கில் மிஷின் ஓடியது. காற்று பிடிக்கும் பையன் கேட்டான்.

"எவ்வளவுங்க வெக்கறது?"

"நாப்பத்தி..." என்று இவர் தொடங்குமுன் நான் இறங்கிவிட்டேன். கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படித்தேன். தேங்காய் மூட்டையை முழு பாரம் என்று எடுத்துக்கொள்வதா? இல்லை என்றால் 33. ஆமாம் என்றால் 36. கூடவே சின்ன எழுத்தில் ஒரு வரி: டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்கவும். தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா, பின்னாடி வண்டி நிக்குது."

ஓரம் கட்டினோம். டயர் ஆறட்டும் என்று காத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முழுவதையும், எதற்குப் பயந்து ஓடி வந்தோமோ அதை, அந்தப் பங்க்கில் உட்கார்ந்தே கழித்தோம். பிறகு 36 வைக்கச் சொல்லி, பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம்.

தேங்காயை இறக்கியாயிற்று. இப்போது 33-க்குக் குறைக்க வேண்டுமா? அடுத்த முறை தோப்புக்குப் போகும்போது ரோட்டுக்கு ஏற்ற காற்றா, மண்ணுக்கு ஏற்ற காற்றா? பாதி தேங்காயைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த பிறகும் தூக்கம் வரவில்லை.

தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து எழுதுங்கள். 'கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் வேண்டாம். அந்த நிபுணர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்.