இடப்பக்கம் வந்த விளக்கு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் மின்சாதனங்களைப் பழுது பார்ப்பது என் வேலை, எது கோளாறானாலும் வயரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

என் மனைவியின் அண்ணன் சேகருக்குக் கோல சிலாங்கூரில் ஒரு சின்னப் படகு உண்டு. அதில் ராடார் மாட்டிக் கொடுத்தது நான்தான். படகோட்டும் லைசென்சும் அப்போதுதான் எடுத்திருந்தேன், விதியெல்லாம் மனப்பாடமாக இருந்த நேரம். எந்தப் படகுக்கும் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அந்தப் படகு நேராக நம் மேல் வருகிறது, இருவருமே வலது பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மீன் பிடித்துவிட்டு நானும் சேகரும் திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாயக்கூட இல்லை, ஆனால் காட்டுத்தீப் புகைமூட்டத்தில் கரையே தெரியவில்லை, பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு நான் மெதுவாக ஓட்ட, அவர் ராடாரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏதும் இருக்கா மச்சான்?"

"ஒன்னும் இல்ல மாப்ளே. சுத்தமா இருக்கு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, புகைக்குள் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, மேலே ஒரு வெள்ளை. நேர் எதிரே.

"ராடார்ல இல்லயே லா," என்றார் சேகர். குரல் இறங்கிவிட்டது.

நான் யோசிக்கவில்லை. வலது பக்கம் திரும்புகிறேன் என்பதற்கு அடையாளமாக ஹாரனை ஒரு முறை அடித்துவிட்டு ஸ்டீரிங்கை ஒடித்தேன். அங்கிருந்தும் ஒரு ஹாரன் பதில் வந்தது. பச்சை மறைந்து, சிவப்பு மட்டும் எங்கள் இடப்பக்கமாக, கை நீட்டினால் தொடுகிற மாதிரி கடந்தது. இஞ்சின் சத்தம் இல்லை. அலை இல்லை, எங்கள் படகு ஆடவே இல்லை. விளக்கு மட்டும்தான், அதைத் தாங்கிய படகை நான் பார்க்கவில்லை.

அடுத்த நிமிடம் சேகர் கையை நீட்டிக் காட்டினார். நாங்கள் நேராகப் போயிருந்தால் போயிருக்கக்கூடிய இடத்தில், ஆறு அடித்துக்கொண்டு வந்த பெரிய மரம் ஒன்று வேரோடு முக்கால்வாசி மூழ்கிக் கிடந்தது. மோதியிருந்தால் படகின் அடி பிளந்திருக்கும். அப்படி மூழ்கிக் கிடப்பதை ராடார் காட்டாது, அது எனக்குத் தெரியும். ஹாரன் அடிக்கிற படகை ஏன் காட்டவில்லை? பிறகு ராடாரைக் கழற்றி வயர் வயராகப் பார்த்தேன். ஒரு கோளாறும் இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஜெட்டியில் படகைக் கட்டிக் கரையேறி டீ குடிக்கும்போது, "அந்தச் சிவப்பு விளக்கு எவ்வளவு கிட்ட போச்சு, பாத்தீங்களா?" என்றேன்.

"சிவப்பா? நான் பாத்தது பச்சை, மாப்ளே."

எங்கள் இடப்பக்கம் பச்சை, அதாவது அதன் வலப்பக்க விளக்கு, தெரிந்தால் அந்தப் படகு எதிர்த்திசையில் போகவில்லை, எங்களோடு சேர்ந்து வருகிறது என்று அர்த்தம்.

"எதுவரைக்கும் பாத்தீங்க?"

"ஜெட்டி வரைக்கும் கூடவே வந்துச்சே. நீங்களும் அந்தப் பக்கமே பாத்துக்கிட்டு வந்தீங்க, அதான் நான் ஒன்னும் கேக்கல."

உண்மைதான், ஜெட்டி வரைக்கும் நான் இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன். அங்கே புகையைத் தவிர எதுவும் இல்லை.